நிறவில்லையும் மணப்பெண்ணின் கண்ணும்

நிக்காஹ் நாள் குறித்துவிட்டால் புடவை, நகை, மருதாணி என்னும் வரிசையில் இப்போது கண்ணுக்கான நிறவில்லையும் இடம்பெற்றுவிட்டது. கரிய விழியைச் சாம்பல் நிறமாகவும் தேன் நிறமாகவும் காட்டும் இந்தக் 'கலர் காண்டாக்ட் லென்ஸை' அழகு நிலையத்தாரே கொண்டுவந்து மணப்பெண்ணின் கண்ணில் பொருத்துவதும் உண்டு. அந்த ஆசையைப் பழிப்பது என் நோக்கமன்று. அணிவது கூடுமா என்னும் மார்க்கத் தீர்ப்பையும் ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன். ஆயினும் அது வளையலைப் போன்ற அணியன்று என்பதைத் தாய்மார்கள் உணர வேண்டும்.

கருவிழியின் முன்னுள்ள கண்ணாடி போன்ற படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகிறது. வில்லை அதன்மேல் அமரும்போது அவ்வழி ஓரளவு அடைபடுகிறது. வில்லையுடன் உறங்கினால் இன்னும் அடைபடும். பொருந்தாத வில்லை உராய்ந்து கீறிவிட்டால், அக்கீறல் வழியே கிருமி புகுந்து புண்ணாகும். புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். நம் பெரியவர்கள் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பது இதைத்தான்.

மதுரைச் சீமைக்கு இது புதிய நோயன்று. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்கு இப்புண் வருவதாக 1993ஆம் ஆண்டைக் கொண்டு கணக்கிட்டனர். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைப்போல் இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சைக் காளான். அவை பெரும்பாலும் நெல்லுமி, முள், மாட்டு வால் முதலியவற்றால் நேர்ந்த காயங்கள். வில்லைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வில்லை அணிவோரிடையே இதே இனப் பூஞ்சை பரவி, வில்லை கழுவும் திரவம் ஒன்றையே சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. வயலுக்கே போகாத பெண்ணுக்கும் வயல்நோய் வரக்கூடும்.

பவர் வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்பவர்களும் கண் மருத்துவரிடம் விழியின் வளைவை அளந்தே வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2005 முதல் அழகுக்கான வில்லையையும் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதென்று சட்டமே உண்டு. அக்காள் அணிந்ததைத் தங்கை அணிவது, மணமகளுக்குப் பொருத்தியதைத் தோழிக்கு மாற்றுவது ஆகியவை அறவே கூடா. ஒரு நாள் நிகழ்ச்சிக்கென்றால், ஒரே நாளில் எறிந்துவிடும் வகையை வாங்குவதே சாலச் சிறந்தது. மற்ற வகைகளுக்கு அன்றாடம் புதிய திரவம் ஊற்ற வேண்டும். பெட்டியில் எஞ்சிய பழையதோடு சேர்த்து ஊற்றுவது வீண் சிக்கனம்.

இனி தண்ணீர். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழும் அக்காந்தமீபா என்னும் நுண்ணுயிர் வில்லையில் ஒட்டிக்கொண்டால், மாதக்கணக்கில் கடும் வலியோடு மருத்துவம் தேவைப்படும். ஆகவே வில்லையைத் தண்ணீரில் கழுவலாகாது. எச்சிலால் நனைப்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஒளுவில் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. எனவே முகம் கழுவும்போது இமைகளை நன்கு மூடி, துணியால் ஒற்றிய பின் கண்ணைத் திறக்கலாம். குளிக்குமுன் கழற்றிவிட வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே வில்லையைத் தொட வேண்டும். வில்லை அணிந்த பிறகு ஒப்பனை. வில்லையைக் கழற்றிய பிறகே ஒப்பனையைக் கலைத்தல். சுர்மாத் தூள் வில்லைக்கடியில் சிக்கினால் விழியை அராவும்; அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். இருட்டில் பாவை விரியும்போது வில்லையின் நிறப்பகுதி பார்வையை மறைக்கும் என்பதால் இரவில் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசினால் உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்கு அதுவே உரமாகும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். கழற்றிய வில்லையையும் அதன் பெட்டியையும் எறியாமல் கொண்டு செல்லுங்கள். கிருமியை அவற்றிலிருந்தும் வளர்த்துப் பார்ப்பார்கள்.