கொதிநிலையின் விளிம்பில் நீர்: அனல்மின் நிலைய ஊட்டுநீர் எக்கியின் அமைப்பியல் அடிப்படை

ஆய்வுச் சுருக்கம்

அனல்மின் நிலையத்தின் துணைக்கருவிகளுள் மிகுதியான ஆற்றலை நுகர்வனவற்றுள் ஒன்று கொதிகலன் ஊட்டுநீர் எக்கி. அது உண்டாக்கும் உயர் அழுத்தமே அதன் சிறப்பியல்பாகப் பொதுவில் கூறப்படுகிறது. ஆயினும், எக்கியைச் சூழ்ந்துள்ள அமைப்புகள் பலவும் அதனுள் நுழையும் நீர் கொதிநிலையின் விளிம்பில் இருப்பதன் காரணமாகவே தோன்றியவை என்பதை இக்கட்டுரை 210 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஊட்டுநீர் எக்கி, கொதிகலன், காற்றகற்றி, கொதிநிலை, நெய்வேலி, அறிவியல் தமிழ்.

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதி தன் மின்தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. காரைக்கால் பகுதியில் 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் ஒன்று உள்ளது. எஞ்சிய தேவையைப் பெருமளவு நிறைவு செய்வன நெய்வேலி உள்ளிட்ட நடுவண் அரசு மின்நிலையங்களே. புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பிள்ளைச்சாவடியின் மின்விளக்குகளும் இவ்வாறு வரும் மின்சாரத்தைச் சார்ந்தவையே.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் நிறுவப்பட்டு, 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த அந்நிலையத்திற்கு மாற்றாக இன்று 500 மெகாவாட் அலகுகள் இரண்டு இயங்குகின்றன. இரண்டாம் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் ஏழினைக் கொண்டது. எரிபொருள் பழுப்பு நிலக்கரியாயினும் எரிவாயுவாயினும், நீராவி டர்பைன் உள்ள இடத்தில் ஊட்டுநீர் எக்கி இன்றியமையாதது.

எக்கியின் பணி

டர்பைனைச் சுழற்றிய நீராவி, குளிர்விப்பானில் மீண்டும் நீராகிறது. அந்நீரைக் கொதிகலனின் அழுத்தத்திற்கு எதிராக உள்ளே செலுத்துவதே ஊட்டுநீர் எக்கியின் பணி. 210 மெகாவாட் அலகு ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 700 டன் நீர் தேவைப்படும். அதாவது நிமிடத்திற்கு 11.7 டன். கொதிகலன் உருளையின் அழுத்தம் ஏறத்தாழ 150 பார். குழாய்களிலும் கட்டுப்பாட்டு வால்வுகளிலும் ஏற்படும் இழப்புகளையும் கருதினால், எக்கி ஏறத்தாழ 180 பார் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இஃது 2 கிலோமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்கு இணையானது. எக்கியின் பயனுறுதிறன் 80 விழுக்காடு எனக் கொண்டால், அதற்கு வேண்டிய திறன் 4.8 மெகாவாட். அலகின் உற்பத்தியில் இது 2 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது.

நீரோட்டம் நின்றால் உருளையின் நீர்மட்டம் விரைந்து தாழும். உலையின் வெப்பமோ உடனே தணிவதில்லை. நீரற்ற குழாய்ச் சுவர்கள் மிகைவெப்பத்தால் சிதையக்கூடும். எனவே நீர்மட்டம் வரம்புக்குக் கீழே சென்றவுடன் உலைக்கு எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுகிறது. 210 மெகாவாட் அலகுகளில், பாதிச் சுமைக்குரிய எக்கிகள் மூன்று நிறுவப்பட்டு, இரண்டு இயங்க, ஒன்று ஆயத்த நிலையில் இருப்பது பரவலான முறை.

சூடான நீரின் தேவையும் சிக்கலும்

குளிர்ந்த நீரைச் செலுத்துவதே எக்கிக்கு எளிது. ஆயினும் இரண்டு காரணங்களால் நீர் முன்கூட்டியே சூடாக்கப்படுகிறது. டர்பைனில் ஓரளவு வேலை செய்த நீராவியைப் பிரித்தெடுத்து நீரைச் சூடாக்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது ஒன்று. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் கொதிகலன் எஃகை அரிக்கும் என்பது மற்றொன்று. கொதிநிலையில் வளிமங்களின் கரைதிறன் ஏறக்குறைய இல்லாமற்போவதால், டீஏரேட்டர் எனப்படும் காற்றகற்றியில் நீர் கொதிநிலைக்கே கொண்டுவரப்படுகிறது.

இச்சிக்கல் பழமையானது. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார்டு 1858இல் உருவாக்கிய உட்செலுத்தி, நகரும் உறுப்பு ஏதுமின்றி நீராவித் தாரையாலேயே கொதிகலனுக்கு நீரூட்டியது. நீராவி ரயில் எஞ்சின்களில் பெரிதும் பயன்பட்டது. ஆனால் தாரையின் நீராவி குளிர்ந்து நீரானால்தான் அக்கருவி இயங்கும். ஆகவே ஊட்டுநீர் சூடாக இருந்தால் அது செயலிழந்தது.

உயரம் தரும் பாதுகாப்பு

காற்றகற்றித் தொட்டியில் நீர் 160 பாகை செல்சியசில் இருப்பதாகக் கொள்வோம். அவ்வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் 6.2 பார், தொட்டியின் அழுத்தமும் அதுவே. அழுத்தம் சிறிது குறைந்தாலும் நீர் கொதிக்கத் தொடங்கும். எக்கியின் வாயிலில் இது நேர்ந்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றி, அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் வெடித்தொடுங்கி, சுழல்தட்டுகளை அரிக்கும். பல கட்டங்களைக் கொண்ட எக்கியில் அச்சுவழி உந்துவிசையைச் சமன்செய்யும் மெல்லிய இடைவெளியில் நீர்ப்படலம் ஆவியாயின், உலோகம் உலோகத்தோடு உராய்ந்து எக்கி இறுகிவிடவும் கூடும்.

தொட்டியை எக்கிக்கு மேலே உயரத்தில் அமைப்பதே இதற்குத் தீர்வு. 20 மீட்டர் உயர நீர்த்தம்பம், உராய்விழப்பைக் கருதாவிடில், 1.8 பார் கூடுதல் அழுத்தம் தரும். எக்கியின் வாயிலில் அழுத்தம் 8 பார் ஆகும். அவ்வழுத்தத்தில் கொதிநிலை 170 பாகை. எனவே 160 பாகை நீருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறத்தாழ 10 பாகை மட்டுமே. பெரும் எடைகொண்ட நீர்த்தொட்டியை உயரத்தில் தாங்கும் கட்டுமானச் செலவு முழுவதும் இப்பத்துப் பாகைக்கானதே.

இவ்வுயரமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5000 சுற்றுகள் சுழலும் முதன்மை எக்கிக்குப் போதாது. எனவே 1500 சுற்றுகளுக்குட்பட்ட வேகத்தில் சுழலும் பூஸ்டர் எக்கி அதற்கு முன்னே வைக்கப்படுகிறது.

திடீர்ச் சுமையிழப்பு

டர்பைன் திடீரென நின்றால், காற்றகற்றிக்கு வரும் நீராவியும் நிற்கும். குளிர்ந்த நீர் மட்டும் தொடர்ந்து வரும். தொட்டியின் அழுத்தம் 4 பாராகத் தாழ்ந்தால், பூஸ்டர் எக்கியின் வாயிலில் அழுத்தம் 5.8 பார். உறிஞ்சுகுழாயில் ஏற்கெனவே உள்ள நீரோ இன்னும் 160 பாகையிலேயே இருக்கும். அதன் ஆவியழுத்தம் 6.2 பார். ஆகவே குழாயிலேயே நீர் கொதிக்கும். உயரம் இயல்பு நிலையில் தந்த பாதுகாப்பு இங்கு இல்லாமற்போகிறது. துணை நீராவியால் தொட்டியின் அழுத்தத்தைத் தாங்குவதும், உறிஞ்சுகுழாயைக் குறுகிய நீளமுடையதாக அமைத்துச் சூடான நீரை விரைவில் வெளியேற்றுவதும் இதற்கான தடுப்புகள்.

குறைந்தபட்ச ஓட்டம்

வெளியேறும் வழி அடைபட்ட நிலையில் எக்கி சுழன்றால், செலுத்தப்படும் ஆற்றலில் பெரும்பகுதி உள்ளிருக்கும் நீரையே சூடாக்கும். பத்துப் பாகை விளிம்பு விரைவில் கரைந்துவிடும். எனவே ஓட்டம் குறையும்போது, மறுசுழற்சி வால்வு திறந்து நீரின் ஒரு பகுதியைக் காற்றகற்றிக்கே திருப்பி அனுப்புகிறது. அவ்வால்வு தேய்ந்து கசிந்தால், மிகுந்த ஆற்றல் செலவிட்டு அழுத்தமேற்றிய நீர் பயனின்றித் திரும்பும். திறக்காவிடில் எக்கிக்குக் கேடு; மூடாவிடில் ஆற்றலுக்குக் கேடு. பராமரிப்பில் இவ்வால்வு தனிக் கவனம் பெறுவது இதனாலேயே.

முடிவுரை

தொட்டியின் உயரம், பூஸ்டர் எக்கி, துணை நீராவி, மறுசுழற்சி வால்வு ஆகியன தனித்தனிக் கருவிகளாகவே பாடங்களில் பட்டியலிடப்படுகின்றன. இவை நான்கும், எக்கியின் வாயிலில் நீரின் அழுத்தம் ஆவியழுத்தத்திற்குக் கீழே செல்லலாகாது என்ற ஒரே வினைக்குரிய நான்கு விடைகள் என்பது மேற்கண்ட கணக்கீடுகளால் புலனாகிறது. எக்கியின் வெளியேற்ற அழுத்தத்தை விடவும் நுழைவாயிலின் நிலையே அதன் அமைப்பைத் தீர்மானிக்கிறது. வெப்பப் பொறியியலைத் தமிழில் கற்பிக்க முனைவோர், கருவிகளின் பெயர்களுக்குச் சொல்லாக்கம் செய்வதோடு அவற்றை இணைக்கும் இக்காரணத் தொடர்பையும் முன்வைத்தால், மாணவர் அமைப்பை மனனம் செய்யாது உய்த்துணர இயலும்.