பாழ்நிலம் திருத்தும் விளையாட்டு

நம் பிள்ளைகள் சிலர் இன்று கணிப்பொறியிலேயே பாழ்நிலம் திருத்துகின்றனர். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் உருவாக்கி 2023-இல் வெளிவந்த ‘டெரா நில்’ விளையாட்டில், காற்றாலை நிறுவி, நச்சகற்றி, நீர் பாய்ச்சினால் வறண்ட மண் புல்வெளியாகிறது. இறுதியில் பொறிகள் அனைத்தையும் அகற்றியே வெளியேற வேண்டும். இஃது அதன் சிறப்பு. ஆயின் அங்கே அண்டை வீட்டார் இல்லை; எவர் இசைவையும் நாட வேண்டுவதில்லை. இதுவே அதன் குறை.

நம் கராடியைக் கடக்கும் நகர் சாலை அகில்யாநகர் மாவட்டத்திற்கு இட்டுச் செல்கிறது. அங்கே மழை குன்றிய ஹிவ்ரே பஜார் ஊரார், போபட்ராவ் பவார் தலைமையில், சரிவுகளில் வாய்க்கால் வெட்டினர். கரும்பையும் பாசன ஆழ்துளைக் கிணறுகளையும் தாமே விலக்கினர். அதற்குப் பல்லாண்டுகள் ஆயின. பிள்ளைகள் விளையாடட்டும், ஒரு விடுமுறையில் அவ்வூரையும் அவர்களுக்குக் காட்டுவோமாக.