நைட் ஷிப்டில் யார் மூடியது?

"அண்ணே, அசையவே மாட்டேங்குது." வீல் கீயைச் சக்கரத்தில் மாட்டித் தொங்கிக்கொண்டே சொல்கிறான் இளைஞன். மூத்தவர் வால்வைப் பார்க்கவில்லை. "நைட் ஷிப்டுல யாருடா மூடுனது?" என்கிறார். பாய்லர் ஹவுஸில் அன்றாடம் கேட்கிற கேள்விதான். அதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

கேட் வால்வுக்குள் ஆப்பு போன்ற தகடு ஒன்று ஏறி இறங்கும். 8 அங்குல வால்வு மூடியிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் 10 பார் அழுத்தம் என்றால், அந்தத் தகட்டைத் தள்ளும் விசை 3 டன் எடைக்கு மேல். தான் அமரும் சீட்டோடு அப்படி அழுந்திக் கிடப்பதை உரசி மேலே இழுக்க வேண்டும். தகட்டை ஏற்றி இறக்கும் தண்டான ஸ்பின்டிலின் மரைதான் அதை மனிதக் கைக்கு அடக்கித் தருகிறது. பதிலுக்கு இருபது, முப்பது சுற்று கேட்கும். தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். ஆனாலும் பாடாய்ப் படுத்துவது முதல் கால் சுற்றுதான்.

ஏனென்றால் திறப்பவரின் பாடு மூடியவர் கையிலேயே தொடங்கிவிடுகிறது. சூட்டோடு இறுக்கி மூடிய நீராவி வால்வு, ஆறும்போது சுருங்கி ஆப்பைக் கவ்விக்கொள்ளும். கசிகிறதே என்று, ஸ்பின்டிலைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்ட் பேக்கிங்கைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் ஸ்பின்டிலில் உராய்வு ஏறும்.

சிலர் கீயின் மேல் நீளப் பைப்பைச் சொருகி நெம்புவார்கள். ஸ்பின்டில் வளையும், கீ வழுக்கினால் ஆளே விழுவார். விவரம் தெரிந்தவர், வால்வைச் சுற்றிப் போகும் சின்னக் குழாயிலுள்ள பைபாஸ் வால்வைத் திறந்து, மறுபக்கமும் அழுத்தம் ஏறும்வரை காத்திருப்பார். அந்த 3 டன் சுமை தானாகக் கரைந்துவிடும்.

பைப்லைன் வால்வுகளுக்கான ஏபிஐ 6டி தரநிலை, சக்கரத்தில் 360 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது. ஏறக்குறைய 37 கிலோ எடை. நெஞ்சு உயரத்தில் சரி. தலைக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ வால்வை வைத்த டிசைனர் ஒருமுறை வந்து சுற்றிப் பார்க்கட்டும்.

விசை ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். 2011 மார்ச் 12, ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் முதல் உலை. மின்சாரம் இல்லை. கொள்கலத்தின் அழுத்தத்தை வெளியேற்ற, மோட்டாரில் இயங்க வேண்டிய வால்வைக் கையால் திறக்கவேண்டிய நிலை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு முதல் குழு இருட்டில் போய், திட்டப்படி 25 சதவீதம் திறந்துவிட்டுத் திரும்பியது. அடுத்த வால்வுக்குப் போன இரண்டாம் குழுவைக் கதிர்வீச்சு பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியது. ஒருவர் வாங்கியது 106 மில்லிசீவர்ட். கடைசியில், காற்றழுத்தத்தால் இயங்கும் வேறொரு வால்வுக்குக் கம்ப்ரஸர் கொண்டுவந்து இணைத்தார்கள். பிற்பகல் இரண்டரை மணி வாக்கில்தான் அழுத்தம் இறங்கியது.