எஃகுக் கம்பி பேசும், காந்தம் கேட்கும்

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தது மின் மாண்டலின். சாதாரண மாண்டலினில் மீட்டிய நாதம் சட்டென்று அடங்கிவிடும். சுரங்களை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு அது போதாது. இரட்டைக் கம்பிகளை விட்டு, ஒற்றைக் கம்பிகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். நாதம் நீளத் துணைநின்றது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்.

மின் கிதாரிலும் இதே கதைதான். பிக்கப்பில் ஒரு காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவே மெல்லிய செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலையும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். நைலான் கம்பிக்கு இது செவிடு!

சுற்றுகள் கூடினால் ஓசை வலுக்கும், உச்ச ஒலிகள் மங்கும். கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே பிக்கப்பை வைத்தால் கூர்மை. கழுத்துப் பக்கம் கனிவு.

ஒற்றைச் சுருளில் ஒரு தொல்லை. நம் வீடுகளின் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்த ரீங்காரத்தையும் சுருள் பிடித்துக்கொள்ளும். 1955-இல் கிப்சன் கிதார் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களையும் அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக அமைத்தார். இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, நாதம் மட்டும் கூடியது. அதன் பெயர் ஹம்பக்கர். ஓசை சற்றுத் தடித்தது. ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற ஓசையைக் கைவிட மனமில்லாதவர்கள் இன்றும் ரீங்காரத்தோடுதான் வாசிக்கிறார்கள்.