மாதம் அறிவிக்கும் மாநில மலர்கள்

புத்தாண்டு பிறக்கும்போது வங்கியிலிருந்து வந்து சேரும் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுகிறோம்; சம்பள நாளையும் தவணை நாளையும் விடுமுறை நாளையும் அதில் குறித்துக்கொள்கிறோம். அச்சிட்ட தாள் வருவதற்கு முன்பு, மாதத்தை அறிய மக்கள் வேறொரு நாட்காட்டியைப் பார்த்தனர். அது மரத்திலும் கொடியிலும் மலைச்சரிவிலும் பூத்தது.

பிறந்த மாதத்திற்கு ஒரு மலர் என்னும் பட்டியலை வாழ்த்து அட்டைகளில் கண்டிருப்போம். ஜனவரிக்குக் கார்னேஷன், ஜூனுக்கு ரோஜா என்று அது செல்லும். மேலைநாடுகளின் வழக்கையும் பருவத்தையும் ஒட்டி அமைந்த பட்டியல் அது. இந்தியாவின் மாதங்களுக்கு மலர் தேடுவோருக்கு, மாநிலங்கள் தத்தம் அடையாளமாக ஏற்றுள்ள மலர்களே நல்ல துணை. மாநில எல்லைகளுக்கு அவை கட்டுப்படுவதில்லை. உத்தரப் பிரதேசத்திற்கும் ஜார்க்கண்டிற்கும் பலாச மலர் பொது. அசாமும் அருணாசலப் பிரதேசமும் ஒரே ஆர்க்கிட் மலரைப் பகிர்ந்துகொள்கின்றன.

இளவேனில்: பலாசம், கொன்றை, கபௌ

மாசி, பங்குனியில் வட இந்தியக் காடுகளில் பலாச மரம் இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்தழல் நிறத்தில் பூக்கிறது. ஹோலிப் பண்டிகைக்கான வண்ண நீரை அம்மலர்களை ஊறவைத்தும் காய்ச்சியும் எடுப்பது பழைய வழக்கம். உடலுக்குத் தீங்கில்லாத அந்நிறத்தின் இடத்தைச் செயற்கைப் பொடிகள் பிடித்துக்கொண்டன.

சித்திரை பிறந்ததும் கேரளம் கொன்றையைத் தேடும். விஷு நாளின் அதிகாலையில் கண்விழித்ததும் காணும் மங்கலப் பொருள்களுள் பொன்னிறக் கொன்றைக் கொத்து தலையாயது. ஆனால் கொன்றை விஷுவுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே பூத்து உதிர்ந்துவிடும் ஆண்டுகள் உண்டு. அவ்வாண்டுகளில் சந்தையில் நெகிழிக் கொன்றையும் விற்பனைக்கு வருகிறது.

ஏறத்தாழ அதே நாளில் அசாமில் ரங்காலி பிஹு தொடங்குகிறது. பிஹு ஆடும் மகளிர் கொண்டையில் சூடுவது, நரிவால் போலத் தொங்கும் கபௌ என்னும் ஆர்க்கிட் மலரை. முதிர்ந்த மரங்களின் கிளைகளைப் பற்றி வளரும் செடி இது. மரம் வெட்டப்படும்போது இச்செடியும் வீடிழக்கிறது. ஆடுவோர் பலருடைய கூந்தலில் இன்று காணப்படுவது நெகிழியால் ஆன கபௌ.

மலையில் மலர்பவை

மே மாத இறுதியிலும் ஜூனிலும் மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்திலுள்ள ஷிருய் மலையின் உச்சிப் பகுதி, வெளிர் இளஞ்சிவப்பு அல்லி மலர்களால் நிறைகிறது. 1946-ஆம் ஆண்டு தாவர ஆய்வாளர் பிராங்க் கிங்டன்-வார்டு இதனை அங்குக் கண்டார். லில்லியம் மாக்லினியே என்னும் அறிவியல் பெயர், அவருடைய மனைவி ஜீன் மாக்லினை நினைவுகூர்கிறது. மலைச்சரிவில் தலைமுறைகளாக வாழும் தாங்குல் மக்களுக்கோ அது என்றும் அறிமுகமான மலர். பறிப்போரும் கிழங்கைத் தோண்டுவோரும் பெருகியதால், இன்று அம்மலரைக் காண்பதற்குச் சமமாக அதைக் காப்பதும் ஊராரின் கவலையாகிவிட்டது.

ஆடி முதல் புரட்டாசி வரை உத்தரகாண்டின் மலர் பிரம்ம கமலம். இமயத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேற்பட்ட பாறைச் சரிவுகளில் அது பூக்கிறது. நம் வீட்டுத் தொட்டிகளில் நள்ளிரவில் விரிந்து, அண்டை அயலாரையெல்லாம் அழைக்கவைக்கும் வெண்மலரும் அதே பெயரால் வழங்குகிறது. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிவகை, இரண்டிற்கும் உறவில்லை. நந்தா தேவியின் விழாவிற்கென விரதமிருந்து மலையேறி, வேண்டிய அளவே பிரம்ம கமலத்தைப் பறித்து வருவது மலைமக்களின் வழக்கம். விதை முற்றும் வரை செடியைத் தொடாதிருக்க அக்கட்டுப்பாடு உதவியது. யாத்திரிகர்களுக்கு விற்பதற்காகப் பறிக்கும்போது அந்தக் காலக்கணக்கு கலைந்துவிடுகிறது.

மழை ஓய்ந்த பின்

தெலங்கானா 2014-இல் தனி மாநிலமானபோது, தோட்ட மலர் எதையும் நாடவில்லை. தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் தானாக வளரும் தங்கேடு மலரைத் தேர்ந்தது. தமிழில் அது ஆவாரம்பூ. நாம் பொங்கலையொட்டிக் காப்புக் கட்டும் அதே மலர். தெலங்கானாவின் பெண்கள் பதுக்கம்மாப் பண்டிகையில் தட்டின்மீது பூக்களை அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழுப்பி, சுற்றிநின்று பாடி, ஏரியிலும் குளத்திலும் விடுகின்றனர். அதற்குத் தரிசும் வேண்டும், குளமும் வேண்டும். நகரம் விரியும்போது முதலில் மறைவன அவ்விரண்டுமே.

அதே நாள்களில் வங்காளத்தில் ஷியூலி, அதாவது நம் பவளமல்லி, துர்கா பூஜையின் வரவை அறிவிக்கிறது. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் இம்மலரைக் கிளையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து பொறுக்கிப் பூசைக்கு எடுப்பார்கள்.

அறிவிப்பும் பாதுகாப்பும்

மாநில மலர் என்னும் அறிவிப்பு மதிப்பைத் தருகிறது, பாதுகாப்பைத் தந்துவிடுவதில்லை. மிசோரத்தின் சிவப்பு வாண்டா ஆர்க்கிட், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பெற்ற தாவரங்களுள் ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலும் அது மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. எல்லா மாநில மலர்களுக்கும் இத்தகைய சட்டக் காப்பு இல்லை. பாடநூலிலும் அஞ்சல் தலையிலும் மலர் வாடாமல் இருக்கும். வளரும் இடம் அழிந்தால் மண்ணில் அது இராது.

கார்த்திகையின் காந்தள்

தமிழ்நாட்டின் செங்காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்றே ஒரு பெயருண்டு. வடகிழக்குப் பருவமழையில் வேலிதோறும் சுடர்போல் எழும் இம்மலருக்கு மாதமே பெயராகிவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் முதலில் நிற்பதும் இதுவே.

உழவர் இதனைக் கண்வலிக் கிழங்கு என்பர். செடி முழுவதும் நஞ்சு, எப்பகுதியையும் உண்ணலாகாது. எனினும் விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்ச்சிசின், கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. மருந்துக்கெனக் காட்டிலும் வேலியிலும் கிழங்கை ஓயாமல் தோண்டியதால், ஒரு காலத்தில் எங்கும் கண்ட கொடி பல இடங்களில் அருகியது.

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதி உழவர்கள் வேறு வழியைக் காட்டினர். கொடியைப் பந்தலில் ஏற்றி, மகரந்தத்தைக் கையால் எடுத்து ஒவ்வொரு பூவிலும் வைத்து, காய் முற்றியபின் விதையை மட்டும் எடுக்கிறார்கள். கிழங்கு மண்ணிலேயே இருந்து அடுத்த ஆண்டும் துளிர்க்கிறது. விதையின் விலை ஏறலாம், இறங்கலாம், கொடி எஞ்சியிருக்கும். வங்கி வாடிக்கையாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கிழங்கு முதல், விதை வட்டி. முதலைத் தோண்டிச் செலவழித்தவருக்கு மறு ஆண்டு வட்டியும் இல்லை.

பிறந்தநாளுக்கு மலர் தேடுவோர், பிறந்த மாதத்தில் தம் ஊரில் எது பூக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாம். கொன்றையோ பவளமல்லியோ ஆவாரையோ, அவர்கள் சொல்லும் ஒன்றைக் குழந்தையின் பெயரால் நட்டு வளர்க்கலாம். ஆண்டுதோறும் தவறாமல் வரும் வாழ்த்தாக அது இருக்கும். வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ வேறு மாநிலம் செல்லும்போது, அங்குள்ள மலரைப் பறிக்காமல் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அடுத்த ஆண்டு அம்மாதம் வரும்போது, மலரும் வரவேண்டும் அல்லவா?