ஆக்சிஜன் மரணம் எந்தப் படிவத்தில் வரும்?

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் வைக்கப்பட்ட ஓர் எழுத்துபூர்வ பதில், பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்க வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது. கரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஏராளமானோர் இறந்தது உண்மையா என்று கேட்டிருந்தார் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால். சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீண் பவார் தந்த பதிலின் சாரம் இது: சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, தொற்று, மரண விவரங்களை அவை தவறாமல் அனுப்புகின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை.

அந்த அவை இருக்கும் ஊரிலேயே, மூன்று மாதங்களுக்கு முன்பு, ஏப்ரல் 23 இரவு ரோஹிணியில் உள்ள ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் குறைந்தது 20 நோயாளிகள் இறந்திருந்தார்கள். மே 1 அன்று பத்ரா மருத்துவமனையில் 12 பேர்; அவர்களுள் ஒருவர் அங்கேயே பணியாற்றிய மூத்த மருத்துவர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆக்சிஜன் இல்லாமல் தவித்ததை, டெல்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே பத்ரா மருத்துவமனை சொன்னது. இத்தனைக்கும் பிறகு ‘தெரிவிக்கப்படவில்லை’ என்றால் டெல்லிவாசிக்கு வயிறு எரியாதா?

எரியும். ஆனால் அந்தப் பதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் உரிமை மீறல் தீர்மானம் கொண்டுவந்து அமைச்சரை மடக்கியிருக்கலாம். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்ததுதான் சிக்கல்.

இந்தியாவில் மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், இறப்புக்கான காரணத்தை மருத்துவர் படிவம் 4-இல் எழுதித் தர வேண்டும். உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். கரோனா நோயாளிக்கு ‘சுவாசச் செயலிழப்பு’ என்று வரும், அதன் கீழே ‘நிமோனியா’, அதற்கும் கீழே ‘கோவிட்-19’. மருத்துவமனையின் திரவ ஆக்சிஜன் தொட்டி எத்தனை மணிக்கு வற்றியது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. மருத்துவர் அதை எழுத மாட்டார். எழுதினால் நிர்வாகத்தின் மீது அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கு வரும். படிவத்தில் ஏறாதது மாவட்ட அலுவலகத்துக்குப் போகாது; அங்கே போகாதது மாநிலத் தலைநகருக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகாது. கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர், வந்ததைத்தானே சொல்ல முடியும் என்று கையை விரிக்கலாம். அன்றைய விவாதத்துக்குப் பதிலளித்த சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: பதிவு செய்வது மாநிலங்கள், நாங்கள் தொகுக்கிறோம்.

இதில் டெல்லி அரசின் கையும் சுத்தம் இல்லை. ஜெய்ப்பூர் கோல்டன் மரணங்களுக்கு ஆக்சிஜன் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது டெல்லி அரசு அமைத்த நிபுணர் குழுதான். ஜூலையில் மத்திய அரசின் பதில் வெளியானதும் அதே டெல்லி அரசின் அமைச்சர்கள், ஆக்சிஜன் இல்லாமல் எத்தனையோ பேர் இறந்தார்கள் என்று கொதித்தார்கள். மரணங்களை ஆராயத் தாங்கள் அமைத்த குழுவைத் துணைநிலை ஆளுநர் தடுத்துவிட்டார் என்றார்கள். தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்தபோது, ஆக்சிஜன் தட்டுப்பாடு காரணமில்லை என்றே அதிகாரிகள் சொன்னார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் கோப்பு ஒரே மாதிரிதான் பேசுகிறது.

‘சுகாதாரம் மாநிலப் பொறுப்பு’ என்ற வாதத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2020 மார்ச் 24 இரவு நாட்டை மூடிய உத்தரவு, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டது. 2021 ஏப்ரலில் எந்த மாநிலத்துக்கு எத்தனை டன் திரவ ஆக்சிஜன் என்று ஒதுக்கியதும் மத்திய அரசே. டெல்லி 700 டன் கேட்டது. ஒதுக்கீடு 480, 490, 590 என்று நகர்ந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. அமைச்சரின் அதே பதிலில், முதல் அலையில் 3,095 டன்னாக இருந்த அன்றாடத் தேவை இரண்டாம் அலையில் 9,000 டன்னை நெருங்கியதால், மாநிலங்களுக்குச் சமமாகப் பங்கிட மத்திய அரசு முன்வர வேண்டியிருந்தது என்றும் இருக்கிறது. பங்கிடும்போது மத்திய அரசின் பணி, ஆளைக் கணக்கெடுக்கும்போது மாநிலத்தின் பணி. ஒரே தாளில் இரண்டும்.

சரி, உறுப்பினர் எழுந்து மடக்கியிருக்கலாமே? இங்கேதான் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் எழுப்பலாம், பிறகு மற்றவர்களும் நுழையலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 என்று குலுக்கலில் தேர்வாகும். அவற்றிலும் நேரம் போதாமல் எட்டாதவை, மற்ற நூற்றுக்கணக்கான கேள்விகளைப் போலவே எழுத்தில் பதில் பெறும். எழுத்தில் வந்த பதிலைப் பார்த்து, ‘மாநிலங்கள் தெரிவிக்கவில்லை, சரி, நீங்கள் கேட்டீர்களா?’ என்று திருப்பிக் கேட்க முடியாது.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் அந்த வாய்ப்பே அடைக்கப்பட்டது. 2020 செப்டம்பர் 14-இல் தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது. பூஜ்ய நேரம் அரை மணியாகச் சுருங்கியது. எழுத்துபூர்வ பதில்கள் மட்டும் வந்தன. பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி விவரம் எதுவும் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் சொன்னது அந்தத் தொடரின் முதல் நாளில்தான். அந்த ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடர் கூட்டப்படவே இல்லை. 2021 மார்ச் 25-இல் பட்ஜெட் தொடர் முன்கூட்டியே முடிந்தது. அடுத்துக் கூடியது ஜூலை 19-இல். மயானங்களில் வரிசை நின்ற ஏப்ரலும் மே மாதமும் முழுதாக அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டன. நிலைக்குழுக்கள் காணொளியில் கூடலாம் என்ற கோரிக்கையையும், குழு நடவடிக்கைகள் ரகசியமானவை என்று சொல்லி அவைத் தலைவர்கள் ஏற்கவில்லை. பிரிட்டன் மக்களவையோ 2020 ஏப்ரலிலேயே உறுப்பினர்களை வீட்டுத் திரையிலிருந்து அமைச்சர்களைக் கேள்வி கேட்க விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஜூலைக் கேள்வி வீணாகப் போகவில்லை. அது கிளப்பிய அமளிக்குப் பிறகுதான், ஆக்சிஜன் மரண விவரங்களை அனுப்பும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு: பதில் அனுப்பிய மாநிலங்களுள் பஞ்சாப் மட்டுமே, சந்தேகத்துக்குரியவை என்று நான்கு மரணங்களைத் தெரிவித்திருந்தது.

அவையில் கிடைக்காத கூர்மை குழு அறைகளில் இருந்தது என்பது என் எண்ணம். ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதார நிலைக்குழு, 2020 நவம்பரில் அவைத் தலைவர் வெங்கய்ய நாயுடுவிடம் அளித்த அறிக்கையிலேயே, ஆக்சிஜன் சிலிண்டர் விலைக்கு உச்சவரம்பு வேண்டும், மருத்துவமனைத் தேவைக்கேற்ப உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டாம் அலைக்கு அப்போது இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. 2022 செப்டம்பரில் அதே குழு, ஆக்சிஜன் மரணங்களை அரசு மறுத்தது ஏமாற்றமளிப்பதாகச் சொல்லி, அந்த மரணங்களைத் தணிக்கை செய்யப் பரிந்துரைத்தது. கேமரா இல்லாத அறையில் கட்சி வேறுபாடு கொஞ்சம் தளர்கிறது போலும்.

கல்வியில் நடந்ததையும் அப்படி ஒரு குழு அறிக்கையிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். கல்வி நிலைக்குழுவின் அப்போதைய தலைவர் வினய் சஹஸ்ரபுத்தே ஆளும் பாஜக உறுப்பினர். 2021 ஆகஸ்டில் தாக்கலான அறிக்கை, ஓராண்டுக்கும் மேலான பள்ளி மூடல் பிள்ளைகளின் கற்றலையும் மனநலத்தையும் குடும்பங்களையும் எப்படிப் பாதித்தது என்று வெளிப்படையாகவே பேசியது. அரசு அப்போது இணையவழிக் கல்வியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தது. அரசின் சொந்தப் பள்ளிப் புள்ளிவிவரமோ, 2019-20இல் நாட்டின் பள்ளிகளில் 22 விழுக்காட்டில் மட்டுமே இணைய வசதி இருந்ததாகச் சொன்னது. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் போட்ட 2021-22 பட்ஜெட்டில் கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 93,224 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு ஒதுக்கீடு 99,312 கோடி. விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட வேண்டிய ஆண்டில் கையைச் சுருக்கியிருக்கிறார்கள்.

விளைவு பிறகு வந்தது. ஊரகப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ‘ஏசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் 27.3 விழுக்காடு, 2022-இல் 20.5. தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் அது 10.2-இலிருந்து 4.8-ஆகச் சரிந்தது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டதற்குப் பின்னணி, பள்ளி மூடலில் நேர்ந்த இந்தக் கற்றல் இழப்புதான். கல்வி 1976-இன் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போன துறை. ஆகவே ‘மாநிலப் பொறுப்பு’ என்ற சாக்கு இங்கே செல்லாது. இருந்தும், வாசிப்புத் திறன் சரிந்ததற்காக ஓர் அமைச்சர் ஆக்சிஜன் பதில் அளவுக்கு நெருக்கடிக்கு ஆளானதாக எனக்கு நினைவில்லை. மரணம் தலைப்புச் செய்தி ஆகும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஆகாது.

டெல்லி சட்டமன்றத்துக்கு வந்தால், கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறியிருந்தார்கள். அங்கே அப்போது ஆம் ஆத்மி ஆட்சி, பாஜக எதிர்க்கட்சி. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளை அவையில் வைக்காமல் அரசு இழுத்தடிக்கிறது என்று எதிர்க்கட்சித் தலைவர் விஜேந்தர் குப்தாவும் மற்ற பாஜக உறுப்பினர்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாமதத்தைக் கடிந்துகொண்ட நீதிமன்றம், 2025 ஜனவரியில், சிறப்புக் கூட்டம் நடத்த உத்தரவிட மறுத்தது. அடுத்த மாதம் ஆட்சியே மாறியது; குப்தா சபாநாயகரானார்; சுகாதாரத் தணிக்கை அறிக்கையை பிப்ரவரி 28-இல் முதல்வர் ரேகா குப்தா தாக்கல் செய்தார்.

அந்த அறிக்கையின்படி, கரோனா கால நடவடிக்கைகளுக்கு மத்திய அரசு தந்த 787.91 கோடி ரூபாயில் டெல்லி அரசு செலவிட்டது 582.84 கோடி. 2016-17 முதல் 2020-21 வரை 32,000 படுக்கைகள் சேர்ப்பதாகத் திட்டம், சேர்ந்தவை 1,357. ஆராயப்பட்ட 27 மருத்துவமனைகளில் 14-இல் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, எட்டில் ஆக்சிஜன் வழங்கும் அமைப்பு இல்லை. ஆக்சிஜனுக்காக மத்திய அரசைக் கடுமையாகச் சாடிய அரசின் சொந்த வீட்டுக் கணக்கு இது. நாடாளுமன்றத்தில் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று சொன்ன கட்சிதான் சட்டமன்றத்தில் இதைக் கேட்டு வாங்கியது. யாருக்கு உண்மை மேல் அக்கறை என்பதை உட்காரும் இருக்கைதான் தீர்மானிக்கிறது என்று சலித்துக்கொள்ளலாம். கேள்வி கேட்கும் இருக்கை என்று ஒன்று இருந்ததால்தான் இந்த எண்களாவது நமக்குக் கிடைத்தன.

மரணக் கணக்கும் இப்படித்தான் தாமதமாக வந்தது. 2021-இல் இந்தியாவில் பதிவான மொத்த மரணங்கள் 1.02 கோடி, 2020-இல் 81 லட்சம், 2019-இல் 76 லட்சம். பதிவு முறை மேம்பட்டதும் ஒரு பகுதிக் காரணம்தான். ஆனாலும் ஓர் ஆண்டில் ஏறிய 21 லட்சத்தை அது மட்டும் விளக்காது. 2021 இறுதிவரை அரசு ஒப்புக்கொண்ட கரோனா மரணங்கள் 4.81 லட்சம். அந்த ஆண்டின் பதிவுக் கணக்கு வெளியானது 2025 மே மாதத்தில்.

உங்கள் தொகுதி எம்.பி. என்ன கேட்டார், அமைச்சகம் என்ன சொன்னது என்பதெல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர் வாரியாக இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனையைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ ‘விவரம் தெரிவிக்கப்படவில்லை’ என்று ஒரு பதிலைப் பார்த்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த தொடரில் அவர் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த விவரத்தை மாநிலங்களிடம் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் கேட்டீர்கள்?