வேளாரிடம் யார் கேட்பது?

கலைஞரை மேடையேற்றி, 'இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று ஊரார் முன்னிலையில் கேட்கும் வழக்கம் இப்போது நன்றாக வேர்பிடித்திருக்கிறது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சியில் படைப்புகளோடு உரையாடல்களுக்கும் இடம் உண்டு. 2018-இல் அதன் கலைப் பொறுப்பை ஏற்ற அனிதா துபே, வந்தவர் யாரும் பேசலாம் என்று ஓர் அரங்கையே திறந்துவிட்டார். நல்ல காரியம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. இந்தச் சீமையின் அய்யனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்கிற குயவரான வேளாருக்கு அப்படி ஒரு நாற்காலியை யார் போட்டார்கள்?

அவருக்கும் ஊருக்கும் பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. மண்குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் கொடுப்பார்கள். ஊர் மண்ணில் ஒரு பிடியை வேளார் கையில் வாங்கினால், வேலையை ஒப்புக்கொண்டார் என்று பொருள். எத்தனை குதிரை, யார் நேர்த்திக்கடன், என்ன கூலி என்பதெல்லாம் பேசி முடிவாகும். கலைஞரும் மக்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது நம் ஊர்களுக்குப் புதிதே அல்ல. ஆனால் அந்தப் பேச்சு கூலியோடும் தேதியோடும் நின்றுவிடுகிறது. வேலையின் நுட்பத்துக்குள் போவதில்லை.

அந்த நுட்பம் கொஞ்சநஞ்சமல்ல. கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதிக்க வேண்டும். கால்கள் நான்கும் உள்ளே கூடான குழாய்கள். அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் வயிற்றைக் கட்ட முடியும். அவசரப்பட்டால் கால் பிதுங்கும். தாமதித்தால் மேலே வைக்கும் ஈரமண் ஒட்டாமல் விரிசல் விடும். எந்த நேரத்தில் அடுத்த சுற்றை ஏற்றுவது என்பதை விரலால் தொட்டே முடிவு செய்கிறார்கள். நகரத்துச் சிற்பி இதையே சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். வேளார் சொன்னால் 'பரம்பரைத் தொழில்' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறோம். அந்த வார்த்தை அவருடைய மூளையை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

இதை மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1982-இல் திறந்த போபால் பாரத் பவனில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பழங்குடிக் கலைஞர்களையும் நகரத்து ஓவியர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். 1998-இல் கலை வரலாற்றாளர் ஜோதீந்திர ஜெயின் சமகால மேதைகள் என்று முன்னிறுத்திய ஐந்து நாட்டார், பழங்குடிக் கலைஞர்களில் மணிப்பூரின் நீலமணி தேவியும் ஒருவர். அவர் பானை வனைபவர். தமிழ்நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கே குடியேறிய ஓவியர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் போன்ற கைத்தொழில்தான். கைவினையின் தயவில் நிமிர்ந்த நவீன ஓவியத்துக்குக் கைவினைஞரைப் பக்கத்தில் உட்கார வைக்கும் கடமை இருக்கிறது.

அந்தக் கடமையைத் தொடங்க இந்தச் சீமையே போதும். இதே மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில், மாசி மகத்தன்று பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெரிய குதிரை, சார்த்தும் மாலைகளில் மூழ்கிப்போகிறது. அத்தனை கூட்டம் கூடும் சீமையில் கேட்க ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூளை பிரித்த பிறகு, புரவி கிளம்புவதற்கு முந்தைய மாலையில் வேளாரோடு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சென்னையிலிருந்து ஒரு சிற்பியும் வந்து அவரோடு தமிழில் பேசட்டும். பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கட்டும். முதல் கேள்வியாக, இந்தச் சூளையில் எது வெடித்தது, அதற்கு என்ன காரணம் என்று கேட்கலாம்.